இரண்டு கயிறும் ஒரு வெற்றிலையும்

காஜிமார் தெருவை ஒட்டிய சந்தில் பண்டாரி ஜலீல் வீடு எது என்று கேட்டால், கீழவாசல் வரைக்கும் யாரும் வழி சொல்வார்கள். கல்யாண வீட்டுக் கறிச்சோறு என்றால் அந்தக் காலத்து மதுரையில் அவர் கைதான். ஆனால் அந்த வீட்டு அடுப்படியில், உப்புச்சட்டிக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கிய இரண்டு கயிறுகளைப் பற்றி வெளியே ஒருவருக்கும் தெரியாது. எந்த நாள் எந்த ஊர் அடுப்புக்கு ஜலீல் போக வேண்டும் என்பதை அந்தக் கயிறுகள் சொல்லின. கயிறுகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவர் மனைவி மரியம் பீவி.

மரியம் செல்லூரில் நெசவுத் தெருவில் பிறந்தவள். அவள் அத்தா ஊர்க்கதை பேசிக்கொண்டே பாவு ஓட்டுவார். பேச்சு நிற்காது, விரல்கள் மட்டும் அறுந்த இழையைத் தேடிப்பிடித்து முடிந்துவிடும். அந்த விரல் மகளுக்கும் வந்தது. எழுத்து வரவில்லை. பதினாறு வயதில் ஜலீலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த ஒரு வருஷத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது: இந்த மனிதருக்குக் கையில் ருசி நிற்கும், தலையில் தேதி நிற்காது.

அந்த வருஷம் திருப்பரங்குன்றத்தில் ஒரு வளையல் கடைக்காரர் வீட்டு நிக்காஹ். தேக்சா என்கிற பெரிய செம்புப் பாத்திரங்கள், கரண்டிகள், ஆட்கள் சகிதம் ஜலீல் வண்டி கட்டிக்கொண்டு போய் இறங்கினார். அங்கே பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் முந்தின நாளே முடிந்துபோயிருந்தது. பெண்ணின் அத்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. "வாங்க பண்டாரி, வெயில்ல வந்திருக்கீக, உக்காருங்க" என்று, வேறு எவனோ அவசரத்துக்கு ஆக்கிப்போட்ட சோற்றில் மிச்சமிருந்ததை ஒரு தட்டில் வைத்துச் சாப்பிடச் சொன்னார். திட்டியிருந்தால் ஜலீல் வீடு வந்து சேர்வதற்குள் மறந்திருப்பார். இது மறக்கவில்லை. இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்.

மூன்றாம் நாள் மரியம் ஆணியில் கயிறுகளைக் கட்டினாள். வெள்ளைக் கயிறு பிறைக் கணக்கு; துலுக்க வீட்டு விசேஷங்கள் அதில். மஞ்சள் தோய்த்த கயிறு தமிழ் மாசக் கணக்கு. மற்ற வீடுகள் அதில். ஒரு முடிச்சு ஒரு நாள். விருந்து விழுகிற நாளின் முடிச்சில் ஒரு லவங்கப்பட்டைத் துண்டைச் செருகி வைப்பாள். தினமும் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் இரண்டு கயிற்றிலும் ஒவ்வொரு முடிச்சை அவிழ்ப்பாள். பட்டை அடிக்கு வந்துவிட்டால் ஜலீலை எழுப்பி, "இன்னைக்கு மேலூரு, கிளம்புங்க" என்பாள். பதினெட்டு வருஷம் ஒரு விருந்து தவறவில்லை. ஒரு தடவை ஜலீலைக் காய்ச்சலோடு ஜட்காவில் படுக்கவைத்து அனுப்பினாள். அவர் அடுப்புப் பக்கத்தில் கட்டிலில் கிடந்தபடியே கையைக் காட்டிக் காட்டிச் சோறாக்கிவிட்டு வந்தார்.

அந்தத் தொழிலில் எழுத்து கிடையாது, கையொப்பம் கிடையாது. கேட்டு வருகிறவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவார்கள். பண்டாரி ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளி, மடித்து, அவர்கள் கண்ணெதிரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுவிட்டால் அந்த ஆள்தான் வர வேண்டும். ஆள் மாற்றி அனுப்புவது, வேறு சோலி வந்துவிட்டது என்று சொல்வது, இதெல்லாம் பிறகு கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் நோன்பு மாசம் ஐப்பசியில் வந்தது. பத்தாம் நோன்பு அன்று மாலை, நாகமலைக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து அண்ணனும் தங்கையுமாக இருவர் வாசலில் வந்து நின்றார்கள். அண்ணன் பெயர் காளை; மீசை பெரிது, பேச்சு அதைவிடப் பெரிது. தங்கை ஒச்சாயி இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

"ராவுத்தர் மாமா இருக்காகளாக்கா?" என்றான் காளை.

"பள்ளிவாசல்ல கஞ்சி காய்ச்சப் போயிருக்காக. தொழுகையெல்லாம் முடிஞ்சு வர ஒன்பது மணியாகும்."

"அம்புட்டு நேரம் தாங்காதே. எங்க ஊருப் பக்கம் போற கடைசிக் காரு ஏழு மணிக்கு."

விஷயம் இதுதான். கார்த்திகை பதினாறில் இந்தக் குழந்தை ஜெயக்கொடிக்குக் காதுகுத்து. தாய்மாமன் விருந்து. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு சிநேகிதன் கல்யாணத்தில் ஜலீல் ஆக்கிய கறிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போன காளை, தங்கையின் புகுந்த வீட்டில் எல்லோர் முன்னாலும், "என் தங்கச்சி மக காதுகுத்துக்கு அந்தக் கைதான் அடுப்பு மூட்டும்" என்று சொல்லிவிட்டான். ஒச்சாயியின் கொழுந்தன், புருஷனின் தம்பி பேயாண்டி அன்றிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு, "பாப்போம், பாப்போம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"அந்தாளு சிரிக்கிற சிரிப்பு இருக்கே, அதுக்காகவாச்சும் மாமா வந்தாகணும்க்கா" என்றாள் ஒச்சாயி.

மரியம் உள்ளே போய்க் கயிற்றைத் தடவினாள். வெள்ளைக் கயிற்றில் அடுத்த வீட்டு சாயிரா பானுவின் நிக்காஹ் இருந்தது. பெருநாள் கழித்து வைக்கிற ஆறு நோன்பும் முடிந்த மறுநாள், எட்டாம் பிறையில். இன்றிலிருந்து இருபத்தேழாம் முடிச்சு. மஞ்சள் கயிற்றில் கார்த்திகை பதினாறு இருபத்தெட்டாம் முடிச்சு. ஒரு நாள் இடைவெளி இருக்கிறது. நிக்காஹ் முடிந்து தேக்சாக்களைப் புளி போட்டுத் துலக்கி, அன்று பொழுது சாய வண்டி ஏறினால் போதும்.

வெளியே வந்தாள். "நாள் இருக்கு. ஆடு எங்க ஆள்தான் பிஸ்மி சொல்லி அறுக்கும். கோயில் ஆட்டை நீங்க தனியா ஆக்கிக்கங்க. சம்மதமா?"

"சம்மதம்க்கா. நீங்களே வெத்தலையை வாங்கிருங்க. நீங்க வாங்குனா என்ன, அவுக வாங்குனா என்ன."

மரியம் யோசித்தாள். இதுவரை அவள் கை நீட்டியதில்லை. ஆனால் பத்து மைல் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. ஒரு வெற்றிலையை எடுத்தாள். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. "நோன்பு. வாயில போட முடியாதே."

ஒச்சாயி சட்டென்று நடையில் உட்கார்ந்துவிட்டாள். "போடுறதைப் பாத்துட்டே போறேன். எங்க கொழுந்தன் கேப்பாரு, 'கண்ணால பாத்தியா?'ன்னு."

மரியத்துக்குச் சிரிப்பு வந்தது. வெற்றிலையை முந்தியில் முடிந்துகொண்டாள். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் ஒன்றைக் கடித்து நோன்பு திறந்து, வந்தவர்களுக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். பிறகு முந்தியை அவிழ்த்து, வாடிப்போன வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, மடித்து வாயில் போட்டாள். ஒச்சாயி அதை மெல்லுகிற வரைக்கும் பார்த்துவிட்டு எழுந்தாள்.

இரவு ஜலீல் வந்து கேட்டுவிட்டு, "வெத்தலை உனக்கு, வெந்து சாகுறது எனக்கா?" என்று கேலி செய்தார். அதோடு விட்டது.

இருபத்தொன்பதாம் நோன்பு அன்று பொழுது சாயும்போது சந்தில் ஓர் ஆள் கீழே இல்லை. எல்லோரும் மொட்டை மாடியில் நின்று மேற்கே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பசுமலைப் பக்கம் கருமேகம் திரையாக நின்றது. பிறை அதற்குப் பின்னால் இருந்ததோ இல்லையோ, மதுரைக்குத் தெரியவில்லை. வெளியூரிலிருந்தும் ஒரு தகவலும் வரவில்லை. நாளை முப்பதாம் நோன்பு என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள்.

மரியம் மாடியிலிருந்து இறங்கி நேராக அடுப்படிக்குப் போனாள். மூன்று வருஷமாக இருபத்தொன்பது நோன்போடு பெருநாள் வந்து கொண்டிருந்தது. அந்தப் பழக்கத்தில் இந்த வருஷமும் இருபத்தொன்பது என்றே முடிச்சுப் போட்டிருந்தாள். பிறையைப் பார்க்காமல், பார்த்த மாதிரி. பெருநாள் ஒரு நாள் தள்ளினால் ஆறு நோன்பு தள்ளும். ஆறு நோன்பு தள்ளினால் நிக்காஹ் தள்ளும். வெள்ளைக் கயிற்றில் ஒரு முடிச்சைக் கூட்டினாள். இரண்டு கயிற்றிலும் பட்டைத் துண்டு ஒரே உயரத்தில் வந்து நின்றது.

ஜலீல் வந்ததும் சொன்னாள். "ஏங்க, சாயிரா நிக்காஹும் காதுகுத்தும் ஒரே நாளா விழுந்திருச்சு."

அவர் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கண்ணில் திருப்பரங்குன்றத்துப் பந்தல் வந்து போனது மரியத்துக்குத் தெரிந்தது.

"ஒரு வீட்டை ஒரு நா தள்ளிவைக்கச் சொல்லுவோம்" என்றார்.

"எந்த வீட்டை? சாயிரா மாப்பிள்ளை மறுநா போட் மெயில் ஏறிக் கொழும்புக்குப் போறாரு. அங்கிட்டு தாய்மாமன் ஊருபூரா பாக்கு வச்சு அழைச்சிருப்பான்."

"அப்ப தெற்குவாசல் பண்டாரியை அந்தப் பக்கம் அனுப்புவோம். அவனும் நல்லாத்தான் ஆக்குவான்."

"அவரா வெத்தலை போட்டாரு?"

"நானும்தான் போடலை!" என்று எரிச்சலோடு சொன்னார் ஜலீல்.

"ஆமா. நீங்க போடலை. நான்தான் போட்டேன்."

ஜலீல் நிமிர்ந்து பார்த்தார்.

"பிறை பாக்காம முடிச்சுப் போட்டதும் நான்தான். அந்தப் பொம்பளை பாங்கு சொல்ற வரைக்கும் குத்தவச்சு உக்காந்து என் வாயைப் பாத்துட்டுப் போயிருக்கா. நீங்க சாயிரா நிக்காஹைப் பாருங்க. நான் காதுகுத்துக்குப் போறேன்."

அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அறுபது படி அரிசி, மரியம். எட்டு ஆடு. மூணு தேக்சா. வீட்டுல நாலு படி ஆக்குறது மாதிரி நினைச்சியா?" என்றார்.

"உங்க மூணு தேக்சாவுக்கும் பதினெட்டு வருசமா மசாலா முடிஞ்சு குடுக்குறது யாரு? உப்பு அளந்து குடுக்குறது யாரு?"

"மசாலா வேற. தீ வேற."

"அது நெசந்தான்" என்று அவள் ஒப்புக்கொண்டாள். "தீயைப் பழகிக்கிறேன். எட்டு நாள் கிடக்குல்ல."

மறுத்துப் பேசியிருந்தால் ஜலீலுக்கு வாதாட வசதியாக இருந்திருக்கும். அவள் ஒப்புக்கொண்டது அவரை மடக்கிவிட்டது. "ஊரு சிரிக்கும்டி" என்று மட்டும் சொன்னார்.

"போகலைன்னா மட்டும் அழுமா?"

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், சந்தின் கோடியில் கல் கூட்டி ஒரு தேக்சா ஏற்றினாள். பொம்பளை தேக்சா வைக்கிறாள் என்று தெருவே வந்து எட்டிப் பார்த்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரு தட்டு கிடைத்தது. சோறு நன்றாக வந்திருந்தது, அடி மட்டும் பிடித்திருந்தது. தேக்சாவைக் கவிழ்த்து, எந்த இடத்தில் கருகியது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். காற்று வந்த பக்கம். விறகை எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது அந்தத் தடத்தில் இருந்தது.

சாயிரா பானுவின் அம்மாவிடம் போய்ச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. "என் மக நிக்காஹுக்கு இல்லாம எங்க போறீக? அவளை நீங்கதானே தூக்கி வளத்தீக?" என்று அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிக்காஹுக்கு முந்தின நாள் காலையில் மரியம் சாயிராவின் இரண்டு கைகளுக்கும் மருதாணி இட்டுவிட்டு, அது காய்வதற்குள் வீட்டுத் தேக்சா மூன்றோடும் வண்டி ஏறினாள்; நிக்காஹுக்கு ஜலீல் பள்ளிவாசல் தேக்சாக்களை எடுத்துக்கொண்டார். கூட அவள் தம்பி ஜலால். ஆட்டுக்கறிக்கடை வைத்திருந்தவன், தோள் அகலமானவன். அக்கா சொன்னால் ஏன் என்று கேட்கமாட்டான். போகிற வழியெல்லாம் கேலி மட்டும் செய்வான்.

"மச்சான் பேரு இத்தனை வருசமா மதுரைக்குள்ள ஓடிக்கிட்டிருந்துச்சு. நீ அதை நாகமலை தாண்டிக் கொண்டுபோய்ப் புதைக்கப் போறியாக்கா?"

"நீ ஆட்டை ஒழுங்கா அறு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

வண்டி ஊருக்குள் நுழைந்தபோது பேயாண்டி வேப்பமரத்தடியில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தான். தேக்சாக்கள் இறங்கின. ஜலால் இறங்கினான். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய மரியம் இறங்கினாள். அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை.

"ராவுத்தர் எங்கடா?" என்றான் பேயாண்டி காளையிடம். "மதுரைப் பண்டாரி, மதுரைப் பண்டாரின்னு மீசையை முறுக்குனே. பண்டாரி சேலை கட்டிக்கிட்டு வந்திருக்காரு போல!"

வேப்பமரத்தடி சிரித்தது. காளையின் முகம் செத்துப்போயிற்று. மரியத்திடம் ஓடிவந்து தணிந்த குரலில், "மாமா பின்னாடி வாராகளாக்கா? ஏதாச்சும் சொல்லுங்க. முன்னூறு பேருக்குச் சொல்லியிருக்கேன்" என்றான்.

அவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். பிறை தள்ளியது, இரண்டும் ஒரு நாளில் விழுந்தது, கணக்குப் பிசகு தன்னுடையது, எல்லாம்.

காளை தலையில் கை வைத்தான். அதற்குள் ஒச்சாயி வீட்டுக்குள்ளிருந்து வந்துவிட்டாள். அண்ணனைப் பார்க்கவில்லை, கொழுந்தனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"வெத்தலையை நான் ராவுத்தர் கையில குடுக்கலையே. இவுக கையிலதான் குடுத்தேன். இவுகதான் வாயில போட்டாக. போட்டவுக வந்துட்டாக. வேற யாரு வரணும்?"

பேயாண்டி துண்டை உதறித் தோளில் போட்டான். "பாப்போம். நாளைக்கு இலையில விழுகும்ல."

மறுநாள் விடியும்போதே தூறல். ஊர்க்காரர்கள் முந்தின நாள் வெட்டி வைத்திருந்த நீள அடுப்புக் குழி கண்மாய்க் கரைப் பள்ளத்தில் இருந்தது. அதில் முழங்கால் அளவு தண்ணீர். காளை அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்கிற மாதிரி நின்றான்.

"நெல்லு அடிக்கிற களம் எங்க?" என்றாள் மரியம்.

மேடாக, கல் பாவிய களம். ஒன்பது பெரிய கல்லைப் புரட்டி வரச் சொல்லி மூன்று அடுப்பைக் கூட்டினாள். குவித்து வைத்திருந்த பருத்திமார்க் குச்சிகளைப் பார்த்து, "இது வேணாம். குப்புன்னு எரிஞ்சு குப்புன்னு அணையும். புளிய விறகு காஞ்சது எங்க இருக்கு?" என்றாள். ஒச்சாயி தன் வீட்டுப் பரணைக் காலி செய்துவிட்டாள். நாலு வண்டிகளின் கூண்டைக் கழற்றிக் கம்பு ஊன்றி, காற்று வருகிற பக்கம் தட்டியாக நிறுத்தினார்கள்.

ஜலால் ஆடுகளை அறுத்து உரித்துத் துண்டு போட்டான். மரியம் துப்பட்டியை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு நெய்யும் எண்ணெயும் காய்ச்சி மசாலா முடிச்சுகளை அவிழ்த்தாள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு தேக்சாவுக்கு அளந்து கட்டியது. வாசனை களத்தைத் தாண்டி ஊருக்குள் போனதும் வேப்பமரத்தடி ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து களத்துப் பக்கம் ஏதோ வேலை இருக்கிற மாதிரி வர ஆரம்பித்தார்கள். பேயாண்டியும் வந்தான்.

அரிசி போட்டு, தண்ணீர் வற்றி, மூடியைச் சுற்றி மாவு அப்பியாகிவிட்டது. இனி அடித் தீயை இழுத்துவிட்டு மூடிமேல் தணல் போட வேண்டும். தூறல் தணலை நிற்கவிடாது. ஜலால் அக்காவைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே பக்கத்தில் தனியாக மூன்று பானை வெந்நீர் கொதிக்க வைத்திருந்தாள். "பானையை அப்படியே தூக்கி மூடிமேல வை. மழை பேஞ்சாப் பேயட்டும்."

மரியம் முதல் தேக்சாவின் பக்கம் குனிந்து காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. மூன்றாம் அடுப்பில் தீயே இல்லை என்று பேயாண்டிக்குத் தோன்றியிருக்கிறது. உதவி செய்கிற நினைப்பில் ஒரு கட்டுப் பருத்திமாரை எடுத்து உள்ளே திணித்துவிட்டான். குப்பென்று பிடித்தது. மரியம் திரும்பி ஓடிவந்து காலால் எத்தி இழுத்துப் போடுவதற்குள் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன செஞ்சீக?"

"தீ இல்லையேன்னு..." என்றான் பேயாண்டி. முதல் தடவையாக அவன் குரல் தணிந்திருந்தது.

காளை பதறினான். "மேல கீழ கிண்டி விட்டுட்டா தெரியாதுல்லக்கா?"

"கிண்டுனா அம்புட்டும் தீஞ்ச வாடை அடிக்கும். யாரும் கரண்டியை உள்ள விடாதீக. மேல முக்கால்வாசி நல்லாருக்கு, அதை மட்டும் மெதுவா அள்ளிக்குவோம். அடியை மாட்டுக்குப் போடுங்க. கடைசிப் பந்திக்குச் சோறு பத்தாது, இப்பவே சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் உட்காரவில்லை. ஒச்சாயி வீட்டுப் பெண்களை அழைத்து எட்டுப் படி அரிசி களைந்து வெள்ளைச் சோறு வடிக்கச் சொன்னாள். ஜலால் ஒதுக்கி வைத்திருந்த எலும்பையும் கொழுப்பையும் போட்டு, கொஞ்சம் கத்தரிக்காயும் நறுக்கிப் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பாக ஓர் ஆணம் கூட்டினாள். வெற்றிலை போட்டபோது சொன்னது கறிச்சோறு. அதில் குறைந்ததைக் குறைந்தது என்று சொல்லியாகிவிட்டது; ஆனால் வந்தவன் எவனும் வயிறு நிரம்பாமல் எழுந்திருக்கக் கூடாது.

குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு ஊர் அதிரக் கத்தியது. மாவை உடைத்து முதல் தேக்சாவைத் திறந்தார்கள். முதல் பந்தியில் பேச்சுச் சத்தமே இல்லை. இலை வழிக்கிற சத்தம்தான். இரண்டாம் பந்தியில் ஒரு கிழவர் எழுந்து கை கழுவ மறந்து மறுபடியும் உட்காரப் பார்த்தார். பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். காளையின் மீசை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "வெத்தலையை அக்கா கையிலதான் குடுத்தோம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கடைசிப் பந்தியில் இருபது பேர்தான். அதில் பேயாண்டி ஒருவன். அவனாகத்தான் பின்தங்கியிருந்தான். மரியமே வந்து வெள்ளைச் சோற்றில் ஆணத்தை ஊற்றினாள்.

"உங்களுக்குக் கறிச்சோறு இல்லை. உங்க பங்கை மாடு திங்குது" என்றாள்.

பந்தி முழுக்கச் சிரித்தது. பேயாண்டியும் சிரித்தான். பிசைந்து ஒரு வாய் வைத்தான். பிறகு தலை நிமிராமல், "மாடு ஏமாந்துபோச்சு. இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றான்.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஜலீல் நடையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வண்டியிலிருந்து இறங்கிய தேக்சாக்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். மூன்றாவதன் அடியில் கை நின்றது.

"பிடிச்சிருச்சா?"

"பிடிச்சிருச்சு. முன்னூத்திச் சொச்சம் பேரு சாப்பிட்டாக. இருபது பேருக்கு வெள்ளைச் சோறும் ஆணமும். சொல்லிட்டுத்தான் போட்டேன்." நடந்ததைச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "சாயிரா நிக்காஹு எப்படி?"

ஜலீல் கொஞ்சம் தயங்கினார். "எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. நீ முடிஞ்சு வச்ச உப்புல ஒரு முடிச்சை அவசரத்துல சாக்குக்குள்ளேயே விட்டுட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரக, 'பண்டாரிக்கு உப்புக்குப் பஞ்சமா?'ன்னு கேட்டுட்டாக."

மரியம் சிரிக்கவில்லை. சாக்கைப் பிரித்து, அந்த முடிச்சு உள்ளே இருப்பதைப் பார்த்து, உப்புச்சட்டியில் கொட்டினாள். பிறகு சாயிரா வீட்டுக்குப் போனாள். சாயிராவின் அம்மா இன்னும் முகத்தைத் திருப்பியபடிதான் இருந்தாள். சாயிரா மட்டும் எழுந்து வந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். மருதாணி நன்றாகப் பற்றியிருந்தது.

அதற்குப் பிறகு அந்த வெள்ளைக் கயிற்றில், ஒவ்வொரு மாசத்துக் கடைசியிலும் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு கூடுதலாக இருக்கும். பிறை தெரிந்தால் அதை அவிழ்த்துவிடுவாள். தெரியாவிட்டால் அதுவும் ஒரு நாள். சிவப்பு முடிச்சைத் தாண்டி ஒரு விருந்து இருந்தால், அதை ஒட்டிய நாளுக்கு யார் வந்து கேட்டாலும் கை நீட்டமாட்டாள். இரண்டு நல்ல வீடுகள் அதனால் கைவிட்டுப் போயின. ஜலீல் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டாள். யுத்த காலத்தில் அரிசி கட்டுப்பாடு வந்தபோது, "அரிசி கிடைச்சா வாரேன்" என்கிற பேச்சு எல்லாப் பண்டாரிகளுக்கும் வசதியாகப் போயிற்று. மரியம் மட்டும் வந்தவர்களை உட்காரவைத்து, "அரிசி இம்புட்டுத்தான் கிடைக்கும், மிச்சத்துக்குக் குதிரைவாலி போட்டுத் தாரேன், சம்மதம்னா வெத்தலையை வைங்க, இல்லைன்னா கொண்டு போங்க" என்றாள். கொண்டு போனவர்கள் சில பேர்தான்.

மேற்குப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் வாசலில் நின்று, "அம்மா இருக்காகளா?" என்று கேட்கத் தொடங்கி வெகுநாள் ஆகிவிட்டது. ஜலீல் நடையில் இருந்தால், "நானும் ஒரு பண்டாரிதான் இந்த வீட்டுல" என்பார். "தெரியும் மாமா. அம்மாவைக் கூப்பிடுங்க" என்பார்கள்.

நாற்பத்து நாலாம் வருஷம் மாசியில் ஒருநாள் காளையே வந்தான். நாலைந்து வருஷமாகத் தட்டிக்கொண்டே போன அவன் கல்யாணம் ஒருவழியாக அமைந்துவிட்டது. கூட வந்தது பேயாண்டி. தட்டை அவன்தான் ஏந்தியிருந்தான்.

"எந்தக் கணக்கு? பிறையா, மாசமா?" என்றாள் மரியம்.

"எங்களுக்கு ஏதுக்கா பிறை? பங்குனி இருபது."

மாசக் கணக்கு என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் உள்ளே போய், இரண்டு கயிற்றையும் அடியிலிருந்து நுனிவரை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். அதுவரை பேயாண்டி தட்டை நீட்டியபடியே நின்றான்.

ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். "இந்தத் தடவை இவரு அடுப்புப் பக்கம் வரக் கூடாது" என்று பேயாண்டியைக் காட்டிச் சொல்லிவிட்டு, வாயில் போட்டாள்.